இந்தத் தண்ணி எங்க போவும்?

எங்கள் வீட்டுக் குசினியின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டடி அகலத்தில் ஒரு குழி இருக்கிறது. மேலே இரும்புக் கம்பி மூடி. உள்ளே அரை குதிரைத்திறன் பம்பு ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து “இது என்ன, மீன் வளர்க்கிறீங்களா?” என்று கேட்பார்கள். அப்பா, “இல்ல, எம்பையன் படிச்ச படிப்பு” என்பார். அது பாராட்டா கிண்டலா என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியாமல் இருந்தது.

வீடு ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில். 2021 டிசம்பர் 18-ஆம் தேதியைப் பற்றி இந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று நான் பினாங்கில், தொழிற்சாலை விடுதியில் இருந்தேன். வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமையும் விடவில்லை. சாயங்காலம் அம்மா போன் செய்து, “தண்ணி வாசல் வரைக்கும் வந்திருச்சு, உங்கப்பா கெளம்ப மாட்டேங்கிறாரு” என்றார். பின்னால் அப்பாவின் குரல்: “எத்தன வெள்ளம் பார்த்தாச்சு. வடிஞ்சிரும்.” வடியவில்லை. எட்டு மணிக்கு மின்சாரம் போனது. நள்ளிரவுக்கு மேல் போனும் அணைந்துவிட்டது.

அதன்பிறகு ஒன்றரை நாள் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. யாரோ தன்னார்வலர்களின் படகில் இருவரும் வெளியே வந்தார்கள். மாடிப்படியில் ஒன்பதாவது படி வரை சேற்றுக்கோடு இருந்தது. ஒரு படி ஏழு அங்குலம் என்றால் ஐந்தடிக்கு மேல். அந்தக் கணக்கைப் போட்டபோது கை நடுங்கியது. அம்மாவின் உயரமே ஐந்தடிதான்.

மறு வருஷம் வேலையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். பத்து பஹாட்டில் இயந்திரவியல் படித்தவன். பம்பு என்பது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி. எவ்வளவு உயரத்துக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், குழாயில் எவ்வளவு உராய்வு என்று வரைபடம் போட்டு விடை எழுதினால் மதிப்பெண். அதை நம்பித்தான் குழி வெட்டினேன்.

மூன்று வார இறுதிகள் ஆயின. தரையை உடைத்து இரண்டடி இறங்குவதற்குள் களிமண்ணிலிருந்து தண்ணீர் ஊற ஆரம்பித்தது. மொத்தம் மூன்றடி ஆழம். பக்கமெல்லாம் துளையிட்ட நீலப் பிளாஸ்டிக் தோங் ஒன்றை இறக்கி, வெளியே வடிதுணி சுற்றி, சரளைக்கல் கொட்டினேன். தண்ணீர் உள்ளே வர வேண்டும், மண் வரக்கூடாது. பம்பை ஒரு செங்கல் மேல் உட்கார வைத்தேன், அடியில் தேங்கும் சேற்றை உறிஞ்சாமல் இருக்க. மிதவை சுவிட்ச் தோங்கின் சுவரில் மாட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்க இடம் விட்டேன். பிளக்கை ஆறடி உயரத்தில் வைத்தேன், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்சோடு. எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்குப் பக்கத்தில். குழாயைப் பின்சந்து லோங்காங்குக்கு விட்டேன்.

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தத் தண்ணி எங்க போவும்?”

“லோங்காங்குக்குப்பா.”

“லோங்காங்கு எங்க போவும்?”

“ஆத்துக்கு.”

“ம்” என்றதோடு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பதில் இரண்டு மாதம் கழித்து ஒரு மழையில் கிடைத்தது. பம்பு ஓடியது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சத்தம் கேட்டு எனக்குப் பெருமையாகவே இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் குசினிக்குப் போனால் தரையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். பம்பு நன்றாகத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் லோங்காங் நிரம்பிவிட்டது. நான் வெளியே தள்ளும் தண்ணீர், குசினித் தரையிலிருக்கும் வடிகால் ஓட்டை வழியாகத் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரமாக ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறேன், கரண்டு செலவு பண்ணி.

அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஓட்டையில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் அம்மியைத் தூக்கி வைத்தார். அரை மணி நேரத்தில் தரை தெரிந்தது.

அன்று ராத்திரிதான் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். பந்திங் பக்கம் கடலோரத் தோட்டம். கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் நிலம். சுற்றிலும் மண்கரை, நடுவே கால்வாய்கள், கால்வாய் முடிகிற இடத்தில் வாட்டர் கேட். தாத்தா அந்தக் கதவுக்குக் காவல். கடல் ஏறும்போது மூட வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும். மறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து மரம் செத்துவிடும். “உங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நெலா எந்த நாள்ல எவ்ளோ இருக்கும், தண்ணி எத்தன மணிக்கு ஏறும்னு தெரியும்” என்றார். பிறகு, “அந்த வெள்ளத்துக்கு மறுநாள் பௌர்ணமிடா” என்றார்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். 2021 டிசம்பர் 19, முழுநிலவு. கிள்ளான் ஆறு எங்கள் பக்கத்தில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்படுவது. பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும். மேலிருந்து வெள்ளம், கீழிருந்து கடல். போக இடமில்லாத தண்ணீர் தாமானில் நின்றது. நான் படித்த வரைபடத்தில் பம்பு இருந்தது, குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை எப்போதும் காலியாக இருக்கும் என்று அந்தக் கேள்வித்தாள் எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வேலையைத் திருத்தினேன். வடிகால் ஓட்டைக்குத் திருகி இறுக்கும் ரப்பர் அடைப்பு. வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பா, உள்ளே இருக்கும் சின்னக் கதவை விரலால் தள்ளிவிட்டு, “இது வாட்டர் கேட்டு” என்றார். குழாயின் வாயைச் சுவருக்கு மேலே ஏற்றி வைத்தேன். சின்ன வெள்ளத்துக்கு இது போதும். பிறகு வந்த மழைகளில் குசினி காய்ந்தே இருந்தது. அம்மா அரிசித் தோங்கை மாடியிலிருந்து கீழே கொண்டு வந்தார்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. மழை வலுத்தால் அக்கா ரவாங்கிலிருந்து போன் போட்டு “இங்க வந்திருங்கப்பா” என்பாள். அப்பா சொல்வார்: “பம்பு இருக்கும்மா. தம்பி போட்டிருக்கான்.”

அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளம் வந்தால் அவர் ஓட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்திருக்க ஒரு காரணத்தை என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். கீழ்த்தளம் நூற்று முப்பது சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் பதின்மூன்றாயிரம் லிட்டர். நிமிடத்துக்கு நூற்றைம்பது லிட்டர் வீதம் ஒன்றரை மணி நேரத்தில் இறைத்துவிடலாம். ஆனால் வெளியேயும் அதே அளவு தண்ணீர் நின்றால், ஆறு முழுவதையும் இறைக்க வேண்டும். கரண்டு போனால் பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். அப்புறம் ஒன்று சொன்னேன். உள்ளே காய்ந்திருந்து வெளியே ஐந்தடி நின்றால், முன்சுவர் மேல் ஆறு டன்னுக்கு மேல் அழுத்தம். ஒற்றைச் செங்கல் சுவர் அதற்காகக் கட்டியதல்ல. அந்த நேரத்தில் தண்ணீரை உள்ளே விடுவதுதான் வீட்டுக்கு நல்லது.

அப்பா தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அன்னிக்கு உங்கம்மாவ மாடிக்கு ஏத்தும்போது அவ சேல தண்ணில மாட்டிக்கிச்சு. இருட்டு. ஒரு நிமிசம் கைய விட்டுட்டேன்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “இத யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத.”

இதை எழுதலாமா என்று இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன். “இப்ப சொல்லலாம்” என்றார்.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தை எடுத்து, வாசல் கேட்டின் தூணில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டார். “இதத் தொட்டா கெளம்புறோம். பம்ப நிறுத்திட்டு.”

போன நவம்பரில் ஒரு ராத்திரி தண்ணீர் கோட்டைத் தொட இரண்டு விரல் இருந்தது. நான் பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று நின்றேன். மேலே மெயின் சுவிட்ச் விழும் சத்தம். வீடு இருண்டது. அப்பா அடையாள அட்டையும் மருந்தும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி படியில் இறங்கி வந்தார்.

“இன்னும் தொடலப்பா.”

“தொட்டதுக்கு அப்புறம் காடி ஓடாது. எடு.”

காலையில் திரும்பி வந்தோம். தண்ணீர் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் மட்டும் மெல்லிய சேறு. குழி மட்டும் வாய் வரை நிரம்பியிருந்தது. அப்பா முதலில் பின்கதவைத் திறந்து லோங்காங்கை எட்டிப் பார்த்தார்.

“வடியுது. இப்பப் போடு” என்றார்.