மேற்கே போன பிள்ளை

பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம்மவர்க்கு, சொந்த ஊரை நினைத்தவுடன் கண்முன் நிற்பது ஆறே. பாறசாலையில் குடியேறிப் பதினோராண்டுகள் கழிந்தும், எங்கள் அன்னையார் இங்குள்ள எந்நீரிலும் முழுகியதில்லை. "தாமிரபரணியில் முழுகிய உடம்பு இது" என்பார். எங்கள் மகனோ பன்னிரண்டு வயதாகியும் நீந்தத் தெரியாதவன். குழாய் நீரில் வளர்ந்த பிள்ளை.

சிவராத்திரி கழிந்த மறுவாரம் இருவரையும் அழைத்துக்கொண்டு அருவிப்புறம் சென்றோம். நெய்யாற்றின்கரை வரை இரயில்; 1979-இல் திறக்கப்பெற்ற பாதை அது. அங்கிருந்து சிறிது தொலைவு பேருந்து. பின்னர்ச் சாலையை விடுத்து, இரப்பர் மரங்களுக்கும் புதர்களுக்கும் இடையே ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். சருகின் ஓசை அடங்கி நீரின் ஓசை எழுந்தபோது, ஊர்ப்பெயரின் பொருள் தானே விளங்கிற்று. பாறைகளினூடே பாய்ந்து வரும் நெய்யாறு அங்கே மடுவாகத் தேங்குகிறது.

1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நாராயண குரு இவ்வாற்றில் மூழ்கி எடுத்த கல்லையே சிவலிங்கமாக நிறுவினார். கோயிலுக்குள் புக உரிமையற்றிருந்த மக்களுக்கு அது புதுவழி திறந்தது. தமிழிலும் பாடல்கள் இயற்றித் திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர் அவர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அன்னையார் பாறைமீது அமர்ந்து கால்களை மட்டும் நனைத்தார். "அம்மா, இந்த நெய்யாறும் அகத்தியர் மலையில்தான் பிறக்கிறது. அதே மலைத்தொடரில் பிறந்த தாமிரபரணி கிழக்கே போயிற்று, இது மேற்கே வந்து பூவாற்றில் கடலோடு கலக்கிறது" என்றோம். அவர் நெடுநேரம் நீரையே நோக்கியிருந்தார். பிறகு, "மேற்கே போனதனால் பிள்ளை வேற்றாளாகிவிடுமா?" என்று சொல்லி எழுந்தார். எங்கள் கையைப் பற்றிக்கொண்டு இறங்கி மும்முறை முழுகினார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

அங்கே குளித்துக்கொண்டிருந்த மலையாள முதியவர் ஒருவர், "மோனே, இங்கு வா" என்று எங்கள் மகனை அழைத்தார். உலர்ந்த நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றால் இணைத்து அவன் மார்பின்கீழ்க் கட்டி, முழங்கால் ஆழத்தில் கைகால் வீசப் பழக்கினார். பாசி படிந்த பாறைகளையும், ஆழம் தொடங்கும் இடத்தையும் சுட்டிக் காட்டினார். மேலே 1958-இல் கட்டப்பெற்ற அணையின் மதகுகள் திறக்கப்படும் நாளில் ஆற்றில் கால் வைக்கலாகாது என்றும் எச்சரித்தார்.

நம் சங்கக் குடும்பத்தார் கோடைக்கு முன் ஒருமுறை அங்குச் சென்று வருக. ஆழமறிந்த உள்ளூர்ப் பெரியவரைக் கேட்டே நீரில் இறங்குக. மழைக்காலத்தில் கரையோடு நில்லுக. பிள்ளைகளுக்கு நீச்சலும், பெரியோர்க்கு ஓர் ஆறுதலும் ஒரே இடத்தில் கிடைக்கும். வந்த நாட்டின் ஆற்றையும் நம் ஆறென்று கொள்ளப் பழகினால், வாழ்வு பாதி இலேசாகும்.