திரை சொல்லும் சாட்சியம்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வழக்கு மன்றத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் உரியதாக நாம் கருதியிருந்த இம்மொழி கணினித் திரைக்கும் அப்படியே பொருந்தும் என்பதைப் பணியினூடே அறிய நேர்ந்தது. திரையில் நாம் காணும் எழுத்து, கணினியின் நினைவில் உள்ள எழுத்தன்று. அதனைப் பற்றிய ஒரு சாட்சியமே ஆகும். சாட்சி உள்ளதை உள்ளவாறு உரைத்தால் நன்று. பிறழ உரைத்தால், அதனை நம்பும் மனிதர் நினைவில் உள்ள மெய்யையும் திருத்தப் புகுவர். நாளடைவில் மெய்யே அழிந்துபோகும். இஃது எங்ஙனம் நிகழ்கிறது, எவ்வாறு தடுக்கலாம் என்பதை ஒரு சிறு செயலியின் கதையைக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

சொல்லடைவும் செயலியும்

தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையை அரபுத்தமிழ் என்று வழங்குகிறோம். அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதிய வடிவங்களை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) முதலான பெருமக்கள் இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஆடவரும் பெண்டிரும் அத்தகைய நூல்களை ஓதி மார்க்க அறிவு பெற்றனர். இன்று அவற்றைத் தடையின்றிப் படிக்க வல்லார் அருகிவிட்டனர்.

இத்தகைய நூல்களிலிருந்து சொற்களைத் திரட்டும் பணிக்கென எழுதப்பெற்ற மெக்கின்டாஷ் மேசைக் கணினிச் செயலி ஒன்று, 2022ஆம் ஆண்டில் சீர்செய்வதற்காக நம்மிடம் வந்தது. அதன் சாளரத்தில் வலப்புறம் அரபுத்தமிழ் வடிவம். இடப்புறம் தமிழ் வடிவம். சொற்களைச் சரிபார்த்து வந்தவர் முதிய ஆலிம் ஒருவர். பல சொற்களின் எதிரே அவர் 'ஐயம்' என்று குறித்திருந்தார். ஐயத்திற்குரிய சொற்கள் அச்சேறா என்பது தொகுப்பாளர்கள் வகுத்துக்கொண்ட விதி. "தம்பி, என் கண் பொய் சொல்கிறதா, இந்தப் பெட்டி பொய் சொல்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் நம்மைக் கேட்டுக்கொண்டார். "விசாரித்துச் சொல்கிறோம் ஹஸ்ரத்" என்பதன்றி அன்று நாம் வேறொன்றும் கூறவில்லை. வினா எளியது, ஆனால் அதன் விடையைப் பொறுத்தே அச்சொற்கள் வாழ்வதும் மறைவதும் இருந்தன.

வரைவு நிகழும் முறை

செயலி தான் நினைத்த நேரத்தில் திரையில் எழுதிவிடுகிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. சாளரம் பல செவ்வகங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். நிரலர்கள் 'வியூ' என்று வழங்கும் அச்செவ்வகத்தை நாம் காட்சிக் கட்டம் எனலாம். ஒரு கட்டத்தின் உள்ளடக்கம் மாறியவுடன் செயலி செய்யத்தக்கது ஒன்றே: "இப்பகுதி பழையதாயிற்று" என்று அறிவித்தல். இயங்குதளம் இத்தகைய அறிவிப்புகளைத் திரட்டி, ஏற்ற நேரத்தில் அக்கட்டத்தை அழைத்து, "இனி வரைந்து காட்டு" என்று பணிக்கும். மெக்கின்டாஷில் அறிவிப்புக்குச் 'செட் நீட்ஸ் டிஸ்ப்ளே' என்றும், அழைப்புக்கு 'ட்ரா ரெக்ட்' என்றும் பெயர். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸிலும் இம்முறையே உண்டு. அங்கு வரைவுக்கான செய்தி, வரிசையில் உள்ள ஏனைய செய்திகளுக்கு வழிவிட்டே வரும். பத்து முறை அறிவித்தாலும் அவை ஒன்றாகத் திரண்டு ஒரே அழைப்பாக அமையவும் கூடும்.

பழையதான பகுதியை மட்டும் வரையும் இக்கலையின் வரலாற்றிலும் கண்ணின் சாட்சியம் பற்றிய சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன் 1979ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்திற்குச் சென்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சாளரங்களைக் கண்டார். பாதி மறைந்த சாளரமும் தன் தெரியும் பகுதியைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது என்று அவர் நம்பினார். அதனைத் தம் கணினியிலும் ஆக்க முயன்று வெற்றியும் பெற்றார். 1984ஆம் ஆண்டின் மெக்கின்டாஷில் அமைந்த 'குவிக்டிரா' வரைவு முறை அவர் படைப்பே. ஆனால் ஜெராக்ஸ் ஆய்வகத்தார் அவ்வாற்றலை அன்று எய்தியிருக்கவில்லை என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. கண்டதாக எண்ணியதே ஆகும் என்ற துணிவைத் தந்தது என்று, 2025ஆம் ஆண்டில் மறைந்த அவர் கூறியிருக்கிறார். அவருக்குக் கண் தவறிக் காட்டியது நன்மையில் முடிந்தது. எல்லார்க்கும் அங்ஙனம் முடிவதில்லை.

அறிவிப்பாளர் வரிசை

ஹதீஸ் கலை பயின்றோர், செய்தியை மட்டும் நோக்கி அமைவதில்லை. அது யார் யார் வழியாக வந்தது என்னும் இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் வரிசை, ஒவ்வொரு கண்ணியாக ஆராயப்படும். ஒரு கண்ணி நலிந்தாலும் செய்தியின் தரம் குறையும். திரையில் தோன்றும் எழுத்தையும் இவ்வாறே ஆராய வேண்டும் என்பது நம் துணிபு. நினைவில் உள்ள பதிவு முதற்கண்ணி. அது மாறியதென்னும் அறிவிப்பு இரண்டாவது. எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்னும் அளவை மூன்றாவது. வரையும் செயல் நான்காவது. வரைந்ததில் எப்பகுதி திரைக்குப் போகலாம் என்னும் எல்லை ஐந்தாவது. திரை பிறழ்ந்தால், இவ்வைந்தில் எது பிறழ்ந்தது என்று கேளாமல் நிரலைத் திருத்தத் தொடங்குதல் இருளில் ஊசி தேடுவதை ஒக்கும்.

முதலில் ஆராய்ந்த குறை இது. ஆலிம் ஒரு சொல்லைத் திருத்துவார். பழைய சொல்லே திரையில் நிற்கும். திருத்தம் ஏறவில்லை போலும் என்று அச்சொல்லைப் புதிதாகவும் சேர்ப்பார். இவ்வாறு ஒரே சொல் இருமுறை பதிவாயிற்று. சாளரத்தின் அளவைச் சற்றே மாற்றியதும் புதிய சொல் தோன்றியது. இதிலிருந்தே பெரும்பகுதி விளங்கிவிட்டது: பதிவும் சரி, வரைவும் சரி, இடையில் செல்ல வேண்டிய அறிவிப்பே சேரவில்லை. பதிவைச் சேமிக்கும் வேலை பின்னணி இழை ஒன்றில் நடந்தது. அறிவிப்பும் அங்கிருந்தே எழுந்தது. காட்சிக் கட்டங்களைத் தொடும் எச்செயலும் முதன்மை இழையிலேயே நிகழ வேண்டும் என்பது விதி. இவ்விதி மீறப்படும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் கருவி 2017ஆம் ஆண்டின் எக்ஸ்கோடு 9 பதிப்பு முதல் உண்டு. அதனை இயக்கியதும் பிழையிடம் புலப்பட்டது. அறிவிப்பை முதன்மை இழைக்கு மாற்றியதும் குறை நீங்கியது. இத்தகைய இடங்களில் சிலர் நிரலெங்கும் "மீண்டும் வரை" என்னும் கட்டளையைத் தூவி வைப்பர். அதனால் நோய் மறையுமேயன்றித் தீராது.

புள்ளியின் பெருமை

அடுத்துக் கண்டதே மிகக் கொடிய குறை. அரபு எழுத்தில் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும்போது பா, தா, நூன், யா ஆகியவற்றின் உடல் ஒரே சிறு பல் போன்றது. கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, இரண்டிருந்தால் யா, மேலே இரண்டிருந்தால் தா, ஒன்றிருந்தால் நூன். புள்ளி போனால் எழுத்தின் பெயரே போய்விடும். அரபுத்தமிழிலோ தமிழ் ஒலிகளுக்கென மேலும் குறிகள் சேர்வதால் புள்ளியின் பொறுப்பு இன்னும் மிகுதி.

ஆலிம் ஐயம் என்று குறித்த சொற்களை எடுத்து, நினைவில் இருந்த பதிவை எண்களாகவே படித்துப் பார்த்தோம். பா எழுத்துக்குரிய யூனிகோடு எண் 0628. அந்த எண் பிழையின்றி இருந்தது. திரையில் மட்டும் கீழ்ப்புள்ளி இல்லை. ஆகவே முதற்கண்ணி தூயது. பின்னர் ஒவ்வொரு காட்சிக் கட்டத்தைச் சுற்றியும் சிவப்புக் கோடு ஒன்று வரையச் செய்தோம். இக்கலையில் இதனினும் எளிய சோதனை வேறில்லை. அக்கோடு, புள்ளி விழ வேண்டிய இடத்திற்குச் சற்று மேலாகவே ஓடியது! வரிசையின் உயரம் தமிழ் எழுத்துருவைக் கொண்டு மாறா எண்ணாகக் கணிக்கப்பட்டிருந்தது. அரபு எழுத்தின் தாழ்ந்த புள்ளிகள் அவ்வுயரத்தில் அடங்கவில்லை. எல்லைக்குக் கீழே விழுந்தவற்றை இயங்குதளம் வெட்டிவிட்டது. புள்ளி வரையப்பட்டது, காட்டப்படவில்லை.

மாறா எண்ணை நீக்கி, ஒவ்வொரு வரியின் உயரத்தையும் அவ்வரியில் உள்ள எழுத்துகளையே அளந்து பெறுமாறு செய்தோம். ஆலிம் சொற்களை மறுபடியும் பார்வையிட்டார். பெரும்பாலான ஐயக்குறிகளை அவரே நீக்கினார். எஞ்சியவை சில. அவை மூலப் பிரதியின் தாளிலேயே புள்ளி தேய்ந்துபோன சொற்கள். அந்த ஐயம் நேர்மையான ஐயம். அதனை நீக்கும் உரிமை எந்தக் கருவிக்கும் இல்லை. காலம் அழித்த புள்ளியையும் கருவி மறைத்த புள்ளியையும் பிரித்தறிய இயன்றதே இப்பணியின் பயன் என்போம்.

அயலான் நிலத்தில் பூசிய வண்ணம்

2023ஆம் ஆண்டில் மேக் ஓஎஸ் 14 வெளிவந்தது. அதற்குரிய கருவித்தொகுதியைக் கொண்டு செயலியை மீளக் கட்டியபோது தமிழ்ப் பகுதி முழுதும் மறைந்து வெண்மையாயிற்று. பதிவுகள் அனைத்தும் நலமாகவே இருந்தன. அப்பதிப்பு முதல், புதிதாகக் கட்டப்படும் செயலிகளில் காட்சிக் கட்டங்கள் தம் எல்லைக்கு வெளியே வரைவதை இயங்குதளம் இயல்பாக வெட்டுவதில்லை. வரைவு அழைப்போடு தரப்படும் செவ்வகம் கட்டத்தின் எல்லையை விடப் பெரிதாகவும் இருக்கலாம். அரபுப் பகுதியை வரையும் நிரலோ, தரப்பட்ட செவ்வகம் முழுவதும் வெண்ணிறப் பின்புலம் பூசும் வழக்கமுடையது. முன்பு எல்லைவேலி காத்தது. வேலி அகன்றதும் வெண்மை அயல்நிலத்தில் பரவியது. தன் எல்லையளவே பூசுமாறு ஓர் அடியைத் திருத்தியதும் தமிழ் மீண்டது. வெட்டாமையால் புள்ளிகள் பிழைக்கும் என்று எண்ணி வரி உயரத்தைப் பழையபடி விடுவதும் ஆகாது. அடுத்த வரியின் பின்புலம் அவற்றை மூடிவிடக் கூடும்.

கொம்பும் மெய்யும்

இறுதியாகத் தமிழுக்கே உரிய குறை ஒன்று. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பை முன்னே எழுதுகிறோம். ககரத்தை இடையிலும் காலைப் பின்னும் எழுதுகிறோம். ஆனால் உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. 1991ஆம் ஆண்டு முதல் தமிழ் இடம்பெற்றுள்ள யூனிகோடு இந்த ஒலிமுறையைப் பின்பற்றி, ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் வைக்கிறது. பதிவு இலக்கணத்தின் வழியது; திரை எழுதுவோர் கையின் வழியது.

இதனை அறியாத நிரல், சொல்லின் அகலத்தை எழுத்தெண்களின் தொகையால் வகுத்துச் சுட்டி விழுந்த இடத்தைக் கணித்தது. அதனால் இடங்காட்டி கொம்புக்கும் ககரத்துக்கும் இடையே போய் நின்றது. நீக்கும் விசையை அழுத்தினால் எதிர்பாராத எழுத்து நீங்கியது. எழுத்துகளை அடுக்கும் இயங்குதளப் பொறியிடமே "இவ்விடத்தில் எவ்வெழுத்து?" என்று கேட்குமாறு மாற்றியதே இதற்குத் தீர்வு. எழுத்தை அடுக்கியவரே அதன் இடத்தை அறிவார்.

மாணவர்க்கு ஒரு சொல்

இக்குறைகளில் பின்னிரண்டு கண்ணிகளைத் தவறவிட்டவை சில, அளவையைத் தவறவிட்டவை சில எனினும், புள்ளி வெட்டுண்டதற்கும் கொம்பு பிரிந்ததற்கும் வேர் ஒன்றே. ஓர் எழுத்து ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே உயரம், எண்ணிய வரிசையே எழுதும் வரிசை என்னும் எண்ணம் ஆங்கில எழுத்துக்குப் பெரும்பாலும் போதும். தமிழுக்கும் அரபுக்கும் அது போதாது. போதாமையை முதலில் காண்பவர் நிரலர் அல்லர், அவ்வெழுத்தில் ஊறியவரே. ஆலிம் 'ஐயம்' என்று குறியாமல், தம் கண்ணைக் குறைகூறி வாளாவிருந்தால், வெட்டுண்ட புள்ளியை எவரும் தேடியிருக்க மாட்டார்.

எனவே தமிழ் பயிலும் மாணவ மாணவியர் கணினியைத் தமக்குப் புறம்பான கலையாகக் கருதலாகாது. திரையில் எழுத்துப் பிறழக் கண்டால் தம் அறிவை ஐயுறாமல் அதனைக் குறித்து வைத்து உரியோரிடம் கூற வேண்டும். நிரல் பயிலும் மாணவரும், குறை கூறுவோரின் சொல்லைப் பயனரின் அறியாமை என்று ஒதுக்காமல், ஐந்து கண்ணிகளையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். எழுத்தறிந்தோரும் நிரலறிந்தோரும் ஒரே மேசையில் அமரும் நாளில்தான் திரை நம்பத்தக்க சாட்சியாகும். அருகிவரும் நம் எழுத்துச் செல்வங்கள் அந்நாளுக்கே காத்திருக்கின்றன.