தோற்காதவர்கள் இருவர்

1996 உலகக் கோப்பை நடந்தபோது எங்கள் குடும்பம் இரண்டு ஊர்களில் இருந்தது. அப்பா வழி அரியலூர், அம்மா வழி பெரம்பலூர். முந்தின வருஷம்தான் திருச்சி மாவட்டத்தைப் பிரித்து, பெரம்பலூரைத் தலைநகராக்கி ஒரு மாவட்டம் அமைத்திருந்தார்கள். ரயிலும் சிமெண்ட் ஆலையும் உள்ள அரியலூரை விட்டுவிட்டுத் தண்டவாளமே இல்லாத ஊருக்குக் கலெக்டர் ஆபீஸா என்று சித்தப்பாவுக்கு ஆறாத மனக்குறை. “மெட்ராஸ் ரோடு எங்க ஊரு வழியாத்தானே போவுது மாப்ள” என்பார் மாமா. யாருக்கு எது சேரவேண்டும் என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. கிரிக்கெட்டும் அதில் வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சித்தப்பா என்னைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். பேரளியைத் தாண்டும்போது கரிசல் காடுகளில் பெண்கள் மடி கட்டிப் பருத்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாமாவின் உரக்கடையை எட்டும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். யூரியா மூட்டைகளின் மேல் தினத்தந்தி விரிந்து கிடக்கும். புள்ளிப் பட்டியலில் மாமா பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார்.

மார்ச் 6-ஆம் தேதி லீக் ஆட்டங்கள் முடிந்தன. பன்னிரண்டு அணிகளில் தோல்வியே இல்லாமல் நின்றவை இரண்டு. ‘ஏ’ பிரிவில் இலங்கை, ‘பி’ பிரிவில் தென்னாப்பிரிக்கா. இரண்டுக்கும் பத்துப் பத்துப் புள்ளிகள். காகிதத்தில் சமம். ஆனால் இலங்கையின் பத்தில் நான்கு புள்ளிகள் ஆடாமலே வந்தவை. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. இரண்டு ஆட்டமும் வாக்ஓவர்.

“மூணே மூணு மேட்சு ஆடுனவன் எப்படி மச்சான் அஞ்சு ஆடுனவனுக்குச் சமம்?” என்று ஆரம்பித்தார் சித்தப்பா. அவர் தென்னாப்பிரிக்கா கட்சி. நியூசிலாந்து, இங்கிலாந்து, கராச்சியிலேயே வைத்துப் பாகிஸ்தான் என்று வரிசையாக வென்ற அணி. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராகக் கேரி கிர்ஸ்டன் ஆட்டமிழக்காமல் 188 எடுத்திருந்தார். “இலங்கை யாரை ஜெயிச்சான்? ஜிம்பாப்வே, கென்யா. இந்தியா ஒண்ணைத்தான் கணக்குல சேக்கணும்.”

மாமா விடவில்லை. “அந்த ஒண்ணு போதாதா? டெல்லியில சச்சின் 137 அடிச்சு 271 வெச்சோம். ஜெயசூர்யா வந்த வேகத்துல என்ன ஆச்சு? கென்யாவை லேசா சொல்ற. அவன்தானே புனேல வெஸ்ட் இண்டீஸை 93-ல சுருட்டுனான்? அந்தக் கென்யா மேலதான் இலங்கை 398 அடிச்சிருக்கான்.”

கடையில் மூட்டை அடுக்க உதவியாக ஓர் அண்ணன் இருந்தார். துறைமங்கலம் அகதிகள் முகாமிலிருந்து வருபவர். பெரியவர்கள் பேச்சில் அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினார். “ஐயா, வராமல் நிண்டவங்கள்தான் தோத்தவங்கள். கிரவுண்டுக்கு வந்து நிண்டவனை என்னெண்டு குறை சொல்லுறது?”

கடை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்திருந்தது. அந்தச் செய்தி படிக்கப்படும்போதெல்லாம் அம்மாச்சி கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த நாட்டு அணிக்காக இவர் பேசுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம். பிறகு அவரே முரளிதரனைப் பற்றிச் சொன்னார். கண்டித் தமிழர். 1995 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில், பந்தை எறிகிறார் என்று நடுவர் மறுபடி மறுபடி நோ பால் சொன்னார். “அவன் திரும்பப் போட வந்தான்தானே?” என்றார். ஒரு நாட்டின் போரில் வீட்டை இழந்தவருக்கு அந்த நாட்டின் ஆட்டத்தின்மேல் ஆசை மிச்சமிருக்கலாம் என்பதை அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா கடைசியில் தீர்ப்புச் சொன்னார். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது, கபடிதான் தெரியும். பொங்கல் கபடியில் ‘பை’ கிடைத்து அரையிறுதிக்கு வரும் அணியைச் சுற்றி நடக்கும் தகராறுகளை நிறையப் பார்த்தவர். “தோக்காதவன் ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பேரையும் மோத விடு. எறங்கி ஆடட்டும். உக்காந்து பேசி என்னத்துக்கு?”

அவர் சொன்ன ஆட்டம் கடைசிவரை நடக்கவில்லை. அட்டவணைப்படி இரண்டும் சந்திக்க முடிந்த ஒரே இடம் இறுதி ஆட்டம்தான். 9-ஆம் தேதி பைசலாபாத்தில் ஜெயசூர்யா 44 பந்துகளில் 82 அடித்து இங்கிலாந்தை வெளியேற்றினார். 11-ஆம் தேதி கராச்சியில் பிரையன் லாரா 111 அடிக்க, தென்னாப்பிரிக்கா 19 ரன்னில் தோற்றது. வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்டை அன்றைக்கு உட்கார வைத்திருந்தார்கள். சித்தப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஐந்து ஜெயித்தவன் ஒன்றில் தோற்றால் வீட்டுக்கு, அதுவும் கென்யாவிடம் தோற்றவனிடம் என்றால், லீக் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1992-லும் இதே கதைதான். முதல் ஏழு ஆட்டங்களையும் வென்ற நியூசிலாந்து அரையிறுதியில் பாகிஸ்தானிடம் தோற்றது. லீக்கில் நான்கு மட்டுமே வென்றிருந்த பாகிஸ்தான் கோப்பையைத் தூக்கியது.

13-ஆம் தேதி கொல்கத்தாவில் எங்கள் எல்லோருக்கும் அடி விழுந்தது. இலங்கையின் 251-ஐ விரட்டிய இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 என்று நின்றபோது மைதானத்தில் பாட்டில்கள் பறந்தன, தீ எரிந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. மறுபடியும் ‘கொடுத்த’ வெற்றி என்றார் சித்தப்பா. அந்த ஸ்கோரில் யார் ஜெயிப்பார்கள் என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை.

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூர். எதிரே ஆஸ்திரேலியா. கொழும்புக்கு வரமாட்டேன் என்ற அதே ஆஸ்திரேலியா. பிப்ரவரியில் நடக்காமல் போன ஆட்டம் மார்ச்சில், இறுதி ஆட்டமாகவே நடந்தது. மூன்று விக்கெட் எடுத்த அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். 242 என்ற இலக்கை மூன்றே விக்கெட் இழப்புக்கு எட்டினார்கள். முகாம் அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சித்தப்பா எழுந்து போய் அவர் கையைக் குலுக்கினார். இரண்டு வாக்ஓவர்களைப் பற்றி அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியத்தை ஆட்டமே தீர்த்துவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது தாத்தாவின் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்று புரிந்தது. அங்கே பட்டத்துக்கு ஆடப்போவது யார் என்பதை நெடுங்காலம் வாக்கெடுப்பும் கணினிக் கணக்கும் முடிவு செய்தன. 2004-இல் ஆபர்ன் பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் தோற்காத அணிகள் இன்னும் இருந்ததால் பட்ட ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. 2023-இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்ற புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியை, பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளின் பட்டியலிலிருந்து தேர்வுக் குழு விலக்கியது. அடுத்த வருஷமே பன்னிரண்டு அணிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள்.

கராச்சியில் தோற்ற தென்னாப்பிரிக்காவுக்குக்கூட ஒரு நியாயம் கிடைத்தது. அவர்கள் ஆடித் தோற்றார்கள். எங்கே தவறினோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆபர்ன் மாணவர்களுக்கு அதுவும் இல்லை. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியா முதல் பத்து ஆட்டங்களையும் வென்று, அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது நான் சித்தப்பாவைப் போலவே சாப்பிடவில்லை. ஆனாலும் வென்றவர்களுக்குக் கோப்பை சேர்ந்தது சரி என்றே சொல்வேன். தோல்வி காணாதவனுக்குக் கோப்பை கடன்பட்டிருக்கவில்லை. களம் கடன்பட்டிருக்கிறது. அதைக் கொடுக்காமல் மேசையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதுதான் அநியாயம்.