அப்பாவின் காலுக்குள் ஒரு கம்பி

வீட்டில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் குடும்பமே கலங்கிப்போகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் முப்பது ஆண்டுகள் ரப்பர் சீட்டு உருட்டியவர் என் அப்பா. அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. உள்ளே டைட்டானியக் கம்பி வைக்க வேண்டுமென்றார் டாக்டர். மாதிரிக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பா, கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“இரும்புல பாதிக் கனம்தான் இருக்கு. இதுவா என்னைத் தாங்கும்?”

நாங்கள் கெஞ்சினோம், அதட்டினோம். பலனில்லை. பொறியியல் படிக்கும் என் மகன்தான் கட்டிலருகே உட்கார்ந்தான்.

“தாத்தா, உறைஞ்ச பால் மிஷினுக்குப் போறதுக்கு முன்னே எப்படி இருக்கும்?”

“தயிர்க்கட்டி மாதிரி. தூக்கினாலே பிய்யும்.”

“உருட்டி எடுத்தா?”

“இழுத்தாலும் கிழியாது!”

“இந்தக் கம்பியும் உருட்டி எடுத்ததுதான் தாத்தா.”

அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டைட்டானியம் கருமணலிலிருந்து கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், நம் நாட்டு ஈய லம்பங்களில் மிஞ்சிய அமாங் மணலிலும் அதன் தாது உண்டு. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் சேர்த்து உருக்கினால் உறுதியான கலவை கிடைக்கும். 1973இல் ஐதராபாத்தில் தொடங்கிய மிதானி ஆலையிலும் டைட்டானியக் கலவைகள் செய்கிறார்கள்.

ஆனால் உருக்கி வார்த்த கட்டியின் உள்ளே மணிகள் பருத்து, தகடு தகடாக அடுக்கியிருக்கும். ரப்பரைப் போல் இதைக் குளிர்ந்தபடியே உருட்டினால் வெடித்துவிடும். 900 டிகிரிக்குமேல் காய்ச்சி, உருளைகளுக்கிடையே பலமுறை விடுகிறார்கள். அப்போது தகடுகள் நொறுங்கிச் சின்னஞ்சிறு உருண்டை மணிகளாகின்றன. மணி சிறுத்தால் விரிசல் எளிதில் விழாது. லட்சக்கணக்கான அடிகள் நடந்தாலும் கம்பி தாங்குவது அதனால்தான். சூடு 1,000 டிகிரியைத் தாண்டினாலோ மணிகள் மறுபடி பருத்துவிடும். காய்ச்சும்போது காற்றுப்பட்டு மேல்தோல் நொறுங்கும் தன்மை அடைவதால், அதைச் சீவி எடுத்துவிடுவார்கள்.

அப்பா கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ எல்லாம் பதத்துலதான் இருக்கு. பதம் தப்பினா சீட்டும் வீண்தான்” என்றவர், பேனாவைக் கேட்டார்.

இன்று கைத்தடியோடு கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர் சிகிச்சைக்கு மறுத்தால் அதட்டாதீர்கள். அவர் கை அறிந்த தொழிலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நம்மைவிட விரைவில் புரிந்துகொள்வார்.