ஏரி நடுவே ஒரு பகல்

"அம்மா, நாமும் ஒரு நாள் படகிலே போய் மீன் பிடிக்கலாமா?"

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்றே என் பையன் ஆரம்பித்துவிட்டான். யாரோ வெள்ளைக்காரர் ஒடுக்கமான சிறு படகில் உட்கார்ந்து குளத்தில் தூண்டில் வீசுவதைக் கைபேசியில் பார்த்திருக்கிறான். புழு கிடையாதாம். முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்து தண்ணீர் மேல் வீசுகிறார்கள். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் வாயைத் திறக்கிறது! நம் நீலகிரியிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆங்கிலேயர்கள் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அதற்காகவே 1907-ல் அவலாஞ்சியில் ஒரு குஞ்சுப் பண்ணை வைத்தார்கள்.

ஆம்பூர்க்காரர்களான நாங்கள் நீலகிரிக்கு எங்கே போவது? காவேரிப்பாக்கத்து மாமா நினைவுக்கு வந்தார்.

'ஏன், உங்கள் ஊர்ப் பக்கம் ஏரியே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. என் பிறந்த வீடு பாலாற்றுக்குப் பக்கம். சின்ன வயதில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு மெழுகாக வேகும். சில வருடங்களில் அதே தண்ணீர் உப்புக் கரித்தது. பருப்பு வேகவில்லை, பால் திரிந்தது, சோப்பு நுரைக்கவில்லை. கிணறு இருக்கும்போதே அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டது போய், குரோமிய உப்பில் பதனிடும் முறை வந்தது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பும் குரோமியமும் கழிவு நீரோடு ஆற்றில், நிலத்தில் இறங்கின. ஆனால் வாய் திறந்து சொல்ல முடியுமா? அந்தத் தோலில்தானே பாதி ஊர் சாப்பிடுகிறது! என் கணவரும் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில்தான் கணக்கு எழுதுகிறார்.

காலையிலேயே கிளம்பி, வேலூரில் இறங்கி, காஞ்சிபுரம் பஸ் பிடித்து வாலாஜா தாண்டிக் காவேரிப்பாக்கத்தில் இறங்கினோம். ஏரிக்கரை ஏறியதும் பையன் வாயடைத்து நின்றான். நானும்தான்! பல்லவர் காலத்து ஏரி. கரை மட்டும் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். பரப்போ சுமார் நாலாயிரம் ஏக்கர். மழை பெய்து ஓய்ந்த டிசம்பர் மாதம். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். மொட்டை மரக்கிளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப் போட்டிருந்தன.

மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். அதனால் மாமா முன்னாடியே குத்தகைதாரரிடம் சொல்லி, ஒரு ஃபைபர் பரிசலும் வாங்கி வைத்திருந்தார். ஏறுவதற்கு முன் நான் பிடிவாதமாக நின்றேன். "பையனுக்கு இடுப்பிலே கட்ட ஏதாச்சும் குடுங்க மாமா. இல்லேன்னா நான் விட மாட்டேன்."

"உங்கம்மா மாதிரியே இருக்கியேம்மா!" என்று சிரித்தாலும், காற்றடைத்த ட்யூபைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள், சகோதரிகளே.

பரிசல் படகைப் போல நேராகப் போகாது. துடுப்பைப் போடத் தெரியாவிட்டால் பம்பரமாகச் சுற்றும். எனக்குச் சுற்றியது! மாமா ஒரு ஓரமாக நிறுத்தி, மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு எல்லாம் எடுத்து வைத்தார். பையனோ புழுவைத் தொடமாட்டேன் என்றான். அவனுக்கு இறகுதான் வேண்டும். அத்தையின் கோழியிடமிருந்து ஒன்று வாங்கி வந்திருந்தான். மாமா பொறுமையாக முள்ளில் நூலால் சுற்றிக் கொடுத்தார். வீசினான், வீசினான், ஒரு மணி நேரம் வீசினான். என் புழுவுக்கு மூன்று ஜிலேபிக் கெண்டை விழுந்தன. அவன் இறகை எதுவும் சீண்டவில்லை. முகம் தொங்கிப் போன நேரத்தில் விரலளவுக் கெண்டை ஒன்று துள்ளி வந்து கவ்வியது பாருங்கள், அவன் போட்ட சத்தத்தில் நீர்க்காகமெல்லாம் பறந்துவிட்டது!

நாணல் ஓரம் திரும்பியபோது தண்ணீர் மேலே செக்கச் செவேல் என்று ஏதோ நெளிந்தது. "விரால் குஞ்சு" என்றார் மாமா மெதுவாக. விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன். அதன் குஞ்சுகளும் கூட்டமாக மேலே வந்து போகும். கீழே பெற்றது காவல் நிற்கும். "இப்போ தூண்டிலைக் காட்டினா குஞ்சைத் தின்ன வந்ததுன்னு ஓடி வந்து கவ்விடும் கண்ணு. ரொம்ப சுலபம். ஆனா பிடிக்க மாட்டோம். அதைப் பிடிச்சா இத்தனையும் மத்த மீனுக்கு இரை."

பையன் கழியை மடியில் வைத்துக்கொண்டான். எனக்குத் தொண்டை என்னவோ செய்தது.

கரைக்கு வரும்போதுதான் கேட்டேன். "இந்தத் தண்ணி எங்கேருந்து மாமா வருது?"

"பாலாத்துத் தண்ணிதாம்மா. வாலாஜாகிட்ட அணைக்கட்டு இருக்கே, அங்கேருந்து கால்வாய்ல வருது."

எனக்குத் திக்கென்றது. எதற்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேனோ, அது எனக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறது! வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தானே அந்த ஆறு இங்கே வருகிறது? 2021 நவம்பரில் வந்ததுபோல் பெருவெள்ளம் வந்தால் அலசிக்கொண்டு போகும். வராத வருடங்களில்?

அடுப்படியில் அத்தை மீன் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கன உலோகங்கள் மீனின் செவுள், ஈரல், சிறுநீரகம், குடல் இவற்றில்தான் பொதுவாக அதிகம் சேரும்; சதையில் குறைவு. வேக வைப்பதாலோ பொரிப்பதாலோ அவை போகாது. அதனால் செவுளையும் குடலையும் ஒன்று விடாமல் எடுத்து, நன்றாகக் கழுவ வேண்டும். சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் குளத்து மீன், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எண்ணெய் வாடை அடித்தாலும், உடம்பில் புண் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஒரே குளத்து மீனையே எப்போதும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். குழந்தைகளுக்கு முள் பார்த்துக் கொடுப்பது நீங்கள் அறிந்ததே.

அத்தை வைத்த குழம்பைச் சாப்பிட்டோம். ருசிக்குக் குறைவில்லை. நான்தான் பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு வீட்டுக்கு வந்ததும் விரால் கதையை அப்பாவிடம் ஒப்பித்தான். முடித்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, உங்க கம்பெனித் தண்ணி எங்கே போகுது?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "இப்போ பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுதுடா."

"அதுக்கு முன்னாடி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் அம்மாவின் குடத்தை நினைத்தேன்.

வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் பாலாற்றைச் சீராக்கவும் உத்தரவிட்டது. கேட்க ஆள் இருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது. சோறு போடும் தொழில் வேண்டும்தான். அதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டுமா என்ன?

விடுமுறையில் குழந்தைகளை ஒரு ஏரிக்குக் கூட்டிப் போய் வாருங்கள். மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.