வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம்

லண்டன் மாநகரில் பார்லிமெண்டு மாளிகையைக் காணச் செல்வோர் அதன் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து வியப்பது வழக்கம். ஆனால் அம்மாளிகையை ஒட்டி அதைவிட மிகப் பழைய மண்டபம் ஒன்று இருக்கிறது. இந்தியர் எவரும் அங்கே சற்று நேரம் நின்று சிந்திக்க வேண்டும்.

இரண்டாம் வில்லியம் அரசன் 1097-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மண்டபம் அது. நீளம் 240 அடி. பிறர் அதன் பெருமையை வியந்தபோது, "இது என் படுக்கையறைக்குத்தான் காணும்!" என்று அரசன் அலட்சியமாகக் கூறினானாம். தூணே இன்றி நிற்கும் ஓக் மரக் கூரை, 1393-இல் இரண்டாம் ரிச்சர்டு தொடங்கிய வேலை. அவனை அரியணையினின்று நீக்கிய சபை 1399-இல் கூடியதும் இங்கேதான்!

1649 ஜனவரி 20-ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னன் இங்கே குற்றவாளியாக நிறுத்தப்பட்டான். 27-ஆம் தேதி மரண தண்டனை விதித்தார்கள். ஒரே வாரம்!

1788 பிப்ரவரியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வந்து நின்றார். காசி மன்னர் சேத் சிங்கையும் அயோத்தி பேகம்களையும் வருத்திப் பணம் பறித்தார் என்பது குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. எட்மண்டு பர்க் இடிபோல் முழங்கினார். சீமாட்டிகள் நாடகம் பார்க்க வருவதுபோல் வந்து குவிந்தார்கள். நாளடைவில் கூட்டம் கரைந்தது; வழக்கு மட்டும் நீண்டது. ஏழாண்டுகளுக்குப் பின், 1795-இல், எஞ்சி வாக்களித்த 29 பிரபுக்கள் அவரை விடுதலை செய்தார்கள். தம் அரசனை விசாரிக்க ஒரு வாரம் போதியது. நம் நாட்டின் முறையீட்டுக்கோ ஏழாண்டும் போதவில்லை.

1834-இல் பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பிலிட்டு எரிக்கப்போய், மாளிகையே தீக்கிரையாயிற்று. மண்டபமோ பிழைத்தது. அதை அணைத்தாற்போல் விக்டோரியா ராணியின் காலத்தில் புது மாளிகை எழுந்தது.

1898 மே மாதத்தில் கிளாட்ஸ்டனின் உடலை இங்கே வைத்து மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள். நான்கு முறை பிரதம மந்திரியாக இருந்தவர் அவர். அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்க 1886-இலும் 1893-இலும் அவர் கொணர்ந்த மசோதாக்களைப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. மனிதருக்கு மரியாதை கிடைத்தது. அவர் கேட்ட நியாயம் கிடைக்கவில்லை.

அயர்லாந்தின் பெரும்பகுதி 1922-இல் தன்னாட்சி பெற்றது. நாம் 1947-இல் விடுதலை பெற்றோம். இவ்விரண்டும் அந்த மண்டபம் மனமிரங்கி அளித்த தீர்ப்புகள் அல்ல; அந்தந்த நாட்டு மக்கள் சிறை சென்றும் உயிர் ஈந்தும் தாமே பெற்றுக்கொண்டவை.