அந்தப் பை இப்போது பூட்டியிருக்கிறது



மலர் என்றால் டூர் போன கதையும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிய கிண்டலும்தான் வழக்கம். அப்படி நினைத்துப் பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்கவும். ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை, கல்லூரியை விட்டுப் போவதற்குள் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று எனக்கு மூன்று அரியர். “மச்சி, எத்தனைடா?” என்று கேட்டவர்களிடம் சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினேன். சிரிப்பு பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வந்தது. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து எனக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். போன் அடித்தது; எடுக்கவில்லை. நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்று தோன்றியது. ஒரு தடவை தோன்றியது, பிறகு போகவேயில்லை.

நான் தங்கியிருப்பது சித்தப்பா வீட்டில். அவர் கால்நடை ஆய்வாளர். மருந்துப் பை எப்போதும் திண்ணையை ஒட்டிய அறையில் ஆணியில் தொங்கும். அதில் மாட்டுக்குப் போடுகிற மயக்க மருந்தும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாடு அமைதியாகப் படுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அது வெறும் தூக்கம் என்றே என் புத்திக்குப் பட்டது.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ, “சார்… சார்…” என்று கூப்பிட்டார்கள். பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். லைட்டைப் போட்டுக்கொண்டு வந்த சித்தப்பா என்னையும் பார்த்தார், என் மடியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, “டார்ச்ச எடுத்துக்கிட்டு வாடா” என்றார்.

தொழுவத்தில் நான் டார்ச் பிடித்தேன். கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிக்கொண்டிருந்தது. சோப்பு போட்டுக் கையைக் கழுவி, உள்ளே விட்டு, மெள்ள நிமிர்த்தி, அரைமணி நேரம் போராடி வெளியே எடுத்தார். கன்றுக்கு அசைவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நிமிண்டி, விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தும்மல். அந்த வீட்டு ஆயா அழுதுவிட்டார். நானும்தான்.

திரும்பி வரும்போது வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்தி, “சாவலாம்னு நெனச்சியா?” என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

“அது தூக்கம்னு யார்ரா சொன்னது? மாட்டுக்கே எடை பார்த்து, வயித்தக் காயப்போட்டுத்தான் டாக்டர் போடுவாரு. போட்ட பிறகு ஒருத்தன் தலைமாட்டுலயே உக்காந்திருக்கணும். தீனி மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிரும், வயிறு உப்பிக்கும், நாடி எறங்கும். மாட்டுக்கே தலையத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். நீ மட்டும் தனியா உக்காந்திருக்க.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று பின்னால் டாக்டரும் சொன்னார். இந்த வகை மருந்துகள் மனிதனுக்கானவையே அல்ல. இதயத்துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தைக் குலைக்கும், மூச்சைத் தடுக்கும். பிழைத்தவர்களுக்கும் மூளையிலோ நுரையீரலிலோ சேதம் தங்கிவிடலாம். நிம்மதியான முடிவு என்பது சினிமாக்காரர்கள் கட்டிய கதை. யாராவது எதையாவது உட்கொண்டது தெரிந்தால், “தெளியுதா பார்ப்போம்” என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லி, மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நேரத்தோடு போனால் காப்பாற்ற வழியிருக்கிறது.

“போலீஸ் கேஸாகிடும்” என்று பயந்து மறைத்து வைக்கிறவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது.

மறுநாளே சித்தப்பா என்னை மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். “பைத்தியமா நான்?” என்று முறுக்கிக்கொண்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, “காய்ச்சல் வந்தா வர்ற மாதிரிதான் தம்பி” என்றார். நாலு மாதம் போய் வந்தேன். அப்பாவிடம் சித்தப்பாதான் சொன்னார். அவர் திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, அரியர் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். பாரம் குறையும் என்று கணக்குப் போட்டேனே, அந்தக் கணக்கு அன்றைக்கே தப்பாகிவிட்டது.

இன்னொரு காரியமும் நடந்தது. மருந்துப் பை பீரோவுக்குள் போனது. சாவி சித்தப்பாவின் அரைஞாணில். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று அப்போது கோபம் வந்தது. இப்போது புரிகிறது. அந்த வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அது தணியும் வரை கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது. இலங்கையில் 1995-இல் லட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. ஆக, அந்த நேரத்தைத் தாண்ட விட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்கிறான். உங்கள் வீட்டிலும் மாட்டு மருந்தோ, பூச்சிமருந்தோ இருந்தால் இன்றைக்கே ஒரு பூட்டு வாங்குங்கள்.

தோழர்களே, தோழிகளே! நன்றாகச் சிரித்துப் பேசுகிறவன் திடீரென்று ஒதுங்கினால், தன் பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தால், “நான் இல்லன்னா என்ன?” என்று விளையாட்டாகச் சொன்னால், விட்டுவிடாதீர்கள். சித்தப்பா கேட்ட மாதிரி நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. என் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தது அந்த ஒரு கேள்விதான். கேட்ட பிறகு தனியாக விடாமல், ஒரு பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேச ஆள் இல்லையென்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் 104-லும் பேசலாம்.

என் மூன்று அரியரில் இரண்டு போயாச்சு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மட்டும் இன்னும் பாக்கி. இருந்தால் என்ன, அடுத்த தடவையும் பரீட்சை வைப்பார்கள். நானும் எழுத இருப்பேன்! அந்தக் கிடேரிக்கு இப்போது ஒரு வயசு தாண்டிவிட்டது. நான் போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து கையை நக்குகிறது.

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு